பழைய ராணுவ பயனெட் அசலா, போலியா? 1907 மாதிரியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை, விற்க வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. கூடவே ஒரு கதையும் வரும். தாத்தா பர்மா போர்முனையிலிருந்து கொண்டுவந்தது என்பார், ஜமீன் அரண்மனைச் சுவரில் தொங்கியது என்பார். அந்தக் கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள். பயனெட்டின் மேலேயே அதன் வரலாறு அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்த மாதம் தயாரானது, எந்த ஆலை, யார் சோதித்தார், எந்த நாட்டுப் படைக்குப் போனது, எப்போது திருத்தப்பட்டது என்று எஃகே சொல்லும். நம் வேலை, முத்திரைகளும் உறுப்புகளின் வடிவமும் தேய்மானமும் ஒரே காலவரிசைக்குள் அடங்குகின்றனவா என்று பார்ப்பதுதான். அடங்கினால் அசல். ஒன்று மட்டும் முரண்டினால், அதற்கு ராணுவக் காரணம் உண்டா என்று தேட வேண்டும். காரணம் கிடைக்காவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் யாருக்கும் பயன்படாது. ஆகவே ஒரே மாதிரியை எடுத்துக்கொள்கிறேன்: பிரிட்டிஷ் ராணுவத்தின் 1907 மாதிரி பயனெட். நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். நம் காவல்துறையில் பல தலைமுறைகள் சுமந்த ‘திரீ நாட் திரீ’ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் முனையில் மாட்டியது இது. இந்தியாவிலேயே, வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் ஆலையிலும் தயாரானது. இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் மற்ற நாட்டு பயனெட்டுகளுக்கும் இதே முறையைப் பயன்படுத்தலாம்.

முதலில் பின்னணி

லீ-என்ஃபீல்டின் குட்டை வடிவம் வந்தபோது பிரிட்டிஷாருக்கு ஒரு கவலை பிறந்தது. துப்பாக்கி குட்டையானது, அதில் மாட்டிய 1903 மாதிரி பயனெட்டின் அலகும் 12 அங்குலம்தான். எதிரியின் நீளத் துப்பாக்கிக்கு முன்னால் எட்டும் தூரம் குறைந்துவிடும். ஜப்பானியர் தங்கள் 30ஆம் வகை பயனெட்டில் நீண்ட அலகு வைத்திருந்தார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு 17 அங்குல அலகுடன் ஒரு பயனெட்டை உருவாக்கி 1908 ஜனவரியில் அங்கீகரித்தார்கள். பெயர் மட்டும் 1907 மாதிரி என்று நின்றது.

இங்கேதான் புதியவர்கள் முதலில் ஏமாறுகிறார்கள். அலகில் ‘1907’ என்று அடித்திருப்பதைப் பார்த்து, அந்த ஆண்டில் செய்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். விற்பவரும் அப்படியே சொல்வார். அது மாதிரியின் பெயர். 1918இல் செய்ததிலும் 1942இல் செய்ததிலும் அதே ‘1907’ இருக்கும். தயாரித்த தேதி அதற்குக் கீழே தனியாக இருக்கிறது.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி, வெர்னியர் காலிப்பர், அங்குலமும் மில்லிமீட்டரும் உள்ள அளவுகோல், சிறிய டார்ச், ஒரு காந்தம், பருத்திக் கையுறை, நோட்டுப் புத்தகம். காந்தம் எதற்கு என்றால், மலிவான அலங்காரப் போலிகளில் பிடியின் உலோகப் பகுதியைத் துத்தநாகக் கலவையில் வார்த்திருப்பார்கள். காந்தம் ஒட்டாது. 1907 மாதிரியில் அலகு, அலகும் பிடியும் சேரும் இடத்தில் உள்ள குறுக்குப்பட்டை, பிடியின் தலை மூன்றுமே எஃகு.

படி 1: அளவும் வடிவமும்

அலகு 17 அங்குலம், அதாவது 432 மி.மீ. பிடியோடு சேர்த்து மொத்தம் ஏறக்குறைய 552 மி.மீ. குறுக்குப்பட்டையின் மேல்முனையில் குழல்வளையம்; துப்பாக்கியின் மூக்கில், குழலுக்குக் கீழே உள்ள முனைப்பில் மாட்டுவது. அதன் உள்விட்டம் சுமார் 16.5 மி.மீ. அலகின் இருபக்கமும் ஒரு நீள்பள்ளம் ஓடி, முனைக்குச் சில அங்குலம் முன்பே நின்றுவிடும். பிடியில் இரண்டு வால்நட் மரக் கட்டைகள், இரண்டு திருகாணிகள். பிடியின் தலையில் அழுத்துக் குமிழ்.

கூர்ந்து கவனியுங்கள்: இதே முகச்சாயலில் 1913 மாதிரி என்று ஒன்று உண்டு. 1914 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளுக்காக அமெரிக்காவில் ரெமிங்டன், வின்செஸ்டர் நிறுவனங்கள் செய்தது. அலகு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அதன் குழல்வளையம் அலகிலிருந்து இன்னும் தள்ளி, உயரத்தில் நிற்கும். பிடிக்கட்டையின் குறுக்கே ஆழமான இரண்டு கோடுகள் வெட்டியிருக்கும். இது லீ-என்ஃபீல்டில் பொருந்தாது என்று சிப்பாய்க்குத் தெரிவதற்காக வைத்த அடையாளம் அது. ‘1907 மாதிரி’ என்று விளம்பரப்படுத்தும் பொருளின் மரத்தில் இந்த இரட்டைக் கோடு தெரிந்தால், விற்பவருக்குத் தன் சரக்கே தெரியவில்லை என்று பொருள். போலி என்று சொல்ல முடியாது. அமெரிக்கா அதே வடிவத்தை 1917இல் தனக்கு எடுத்துக்கொண்டபோது ‘1917’ என்றும் ‘யு.எஸ்.’ என்றும் அடித்தது.

அலகு 12 அங்குலமாகக் குறைந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய நீள அலகுகளை அரசே வெட்டிக் குறுக்கியது. இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான தடயம் இருக்கிறது. நீள அலகை வெட்டியதால் பள்ளம் ஓய்ந்து நிற்க இடமில்லாமல் முனைவரை ஓடிவிடும். அதே காலத்தில் தொடக்கத்திலிருந்தே குட்டையாகச் செய்த இந்திய அலகுகளில் பள்ளமே இருக்காது; மழமழவென்று தட்டையாக, செய்நேர்த்தி சற்று முரடாக இருக்கும். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் பலர் இந்த முரட்டு இந்திய பயனெட்டுகளை இளக்காரமாகப் பார்த்த காலம் உண்டு. என்னைக் கேட்டால், நம் ஊர்ச் சேகரிப்பாளர் முதலில் தேட வேண்டியவை இவைதான். போரின் அவசரம் அந்த அரைகுறை அரவேலையில் அப்படியே பதிந்திருக்கிறது.

படி 2: முத்திரைகளைப் படித்தல்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். மற்றதை வேகமாகக் கடந்தாலும் இதில் நிதானமாக இருங்கள்.

அலகின் அடிப்பகுதி, குறுக்குப்பட்டைக்கு ஒட்டிய தட்டையான இடம். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக: கிரீடம், அரசரின் பெயரெழுத்து, ‘1907’, பிறகு மாதமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், அதன் கீழ் தயாரிப்பாளர் பெயர். ‘5’ என்று போட்டு ஒரு மேற்குறியோடு ‘17’ என்று இருந்தால் 1917 மே.

அரசரின் எழுத்தைத் தேதியோடு ஒப்பிடுங்கள். ஏழாம் எட்வர்டுக்கு ‘இ.ஆர்.’, அவர் 1910 மே மாதம் இறந்தார். அதன் பிறகு ஐந்தாம் ஜார்ஜ், ‘ஜி.ஆர்.’ அச்சு மாறுவதில் கொஞ்ச காலம் முன்பின் இருக்கலாம். ஆனால் ‘இ.ஆர்.’ கீழே 1916 என்று தேதி இருந்தால் கையை விட்டுவிடுங்கள். இந்தியாவில் செய்தவற்றில் ‘ஜி.ஆர்.ஐ.’ வரும். கடைசி எழுத்து ‘இம்பெராட்டர்’, அதாவது பேரரசர். இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டத்தைக் குறிப்பது. ஆகவே ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துக்குக் கீழே ஓர் இங்கிலாந்து ஆலையின் பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள். ‘ஆர்.எஃப்.ஐ.’ இருந்தால் அது இஷாப்பூர் ரைஃபிள் ஆலை, பொருந்துகிறது.

தயாரிப்பாளர்களில் வில்கின்சன், சாண்டர்சன் பெயர்கள் அதிகம் தென்படும். அரசின் என்ஃபீல்டு ஆலைக்கு ‘இ.எஃப்.டி.’ சாப்மன் அடுத்து. மோல், விக்கர்ஸ் பெயர்கள் அபூர்வம். அமெரிக்காவில் ரெமிங்டனும் ஒரு பகுதி செய்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை 1912இல் திறந்தது. ஆகவே லித்கோ பெயரோடு 1910 என்று தேதி வந்தால் நிச்சயம் போலி. அபூர்வப் பெயர் இருக்கும்போது விலை கூடும். விலை கூடும் இடத்தில் போலியும் கூடும். வில்கின்சன் என்ற பெயருக்கு யாரும் பொய் முத்திரை அடிக்க மெனக்கெட மாட்டார்கள். விக்கர்ஸ் என்றால் லூப்பை இரண்டு முறை வையுங்கள்.

அலகைத் திருப்புங்கள். மறுபக்கத்தில் அகன்ற அம்புக்குறி: பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். பக்கத்தில் பெருக்கல் குறி போன்ற முத்திரை. அலகை வளைத்துச் சோதித்துத் தேறியது என்று பொருள். கிரீடமும் எண்ணும் எழுத்தும் அடுக்கிய சிறு முத்திரைகள் பல இருக்கும். அவை ஆய்வாளர்களுடையவை, அடியில் உள்ள எழுத்து ஆய்வு நடந்த இடத்தைச் சொல்லும், ‘இ’ என்றால் என்ஃபீல்டு. அசலில் இவை ஒரே சீராக இருக்காது. ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று பாதி பதிந்திருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாளில் சுத்தியலால் அடித்தவை அவை. எல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில், அச்சடித்த பக்கம்போல இருந்தால் அது ஒரே இயந்திரத்தில் ஒரே நேரத்தில் போட்டது.

பிறகு நாட்டு முத்திரைகள். அம்புக்குறியின் கீழ் ‘ஐ’ என்றால் இந்தியா. ‘சி’ எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா, ‘யு’வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா, இரண்டு ‘டி’க்களுக்கு நடுவே என்றால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். இந்தக் கடைசி முத்திரையைச் சிலர் குறையாக நினைத்து மழித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பொருள் நேர்மையாக வெளியே வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

பிடியின் தலையில் படைப்பிரிவு எழுத்துகளும் ஆயுத எண்ணும் இருக்கலாம். போலி அதிகம் நடப்பது இங்கேயும்தான். சாதாரண பயனெட்டில் புகழ்பெற்ற ஒரு ரெஜிமெண்டின் எழுத்தை நேற்று அடித்துவிட்டால் விலை ஏறிவிடும்.

படி 3: எழுத்து எப்படிப் பதிந்திருக்கிறது

லூப்பை எழுத்தின் விளிம்பில் வையுங்கள். டார்ச்சை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் தாழ்வாகக் காட்டுங்கள். கடின எஃகு அச்சை வைத்து ஓங்கி அடிக்கும்போது உலோகம் எங்கும் போவதில்லை. பக்கத்தில் ஒதுங்கி விளிம்பில் மெல்லிய மேடு எழும்பும். அந்த மேடு பல பத்தாண்டுப் பயன்பாட்டில் மழுங்கியிருக்கும், ஆனால் தடம் தெரியும். எழுத்தின் அடிப்பள்ளம் கறுத்து இறுகியிருக்கும். வார்ப்பு நகலில் எழுத்து விளிம்புகள் சோப்பில் எழுதியதுபோல வழவழவென்று உருண்டிருக்கும். சுற்றியுள்ள பரப்பில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். லேசரில் பொறித்தது எல்லா இடத்திலும் ஒரே ஆழம், விளிம்பில் மேடே இருக்காது. அமிலத்தில் அரித்தது தட்டையான அடியோடு, கரை கலங்கிக் கிடக்கும்.

இன்னொரு சோதனையை நான் மிக நம்புகிறேன். துருவால் உண்டான பழைய குழி ஒன்று எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரை முதலில் வந்து துரு பிறகு வந்திருந்தால், குழி எழுத்தின் கோட்டைக் கடித்துச் சிதைத்திருக்கும். துரு முதலில் வந்து முத்திரை பிறகு வந்திருந்தால், எழுத்தின் கோடு குழியைத் தாண்டிக் கூர்மையாகப் போகும். குழியின் விளிம்பே நசுங்கியிருக்கும். ‘1915’ என்ற தேதி, துரு படிந்த பிறகு அடிக்கப்பட்டிருக்க முடியாது. இந்தச் சோதனைக்கு எந்த விற்பவராலும் பதில் சொல்ல முடியாது.

படி 4: கொக்கியும் துளையும்

1907 மாதிரியில் பெரும் பணம் புரளும் இடம் இது. தொடக்கத்தில் குறுக்குப்பட்டையின் கீழ்முனை முன்னோக்கி வளைந்த கொக்கியாக இருந்தது. எதிரியின் அலகைச் சிக்கவைக்கலாம் என்பது எண்ணம். நடைமுறையில் அது கண்டதிலும் மாட்டிக்கொண்டது. 1913இல் கொக்கியை நீக்க உத்தரவாயிற்று. புதிதாகச் செய்தவை கொக்கி இல்லாமல் வந்தன. பழையவை பழுதுபார்க்க வந்தபோது கொக்கி அறுக்கப்பட்டது. லித்கோ ஆலை மட்டும் இன்னும் சற்றுக் காலம் கொக்கியோடு செய்தது. அடுத்து 1916இல் பிடியின் தலையில் ஒரு வட்டத் துளை வந்தது. ரைஃபிளில் மாட்டும் காடிக்குள் சேறும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் தள்ளி வெளியேற்றுவதற்கான வழி அது. பழையவற்றிலும் பின்னாளில் துளை போட்டார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1909 தேதி, கொக்கி இல்லை, துளை இருக்கிறது: முழுக்க இயல்பானது, படையில் இருந்து திருத்தப்பட்டது. 1911 தேதி, கொக்கி இருக்கிறது, துளை இல்லை: அபூர்வம், விலை பல மடங்கு. 1917 தேதியுள்ள இங்கிலாந்துத் தயாரிப்பில் கொக்கி: ஒட்டவைத்தது. பழைய தேதியில் கொக்கியும் துளையும் சேர்ந்து இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். துளை போடப் பட்டறைக்குப் போன பொருளில் கொக்கியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்ற கேள்விக்கு நாட்டு முத்திரையில் விடை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஒட்டுக்கொக்கியைக் கண்டுபிடிக்க, கொக்கி குறுக்குப்பட்டையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அசலில் இரண்டும் ஒரே துண்டு. எஃகின் நிறமும் வரியும் தொடர்ந்து ஓடும். பற்றவைத்ததில் அந்த இடம் எவ்வளவு தேய்த்தாலும் மெல்லிய வளையமாக நிறம் மாறித் தெரியும். பக்கத்தில் புதிய அரக்கோடுகள் இருக்கும். அந்த ஓரிடத்தில் மட்டும் பழைய கருநீலப் பூச்சு வெந்து போயிருக்கும். கொக்கியின் உள்வளைவுக்குள் விரல் நுழையாத மூலையில் பழைய அழுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் நல்லதில்லை.

ஒரு பயனெட்டை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

என் சேகரிப்பில் உள்ள ஒன்று மேசையில் இருக்கிறது. விலை மதிப்பில் பெரியதல்ல; ஆனால் பாடம் சொல்ல இதைவிட நல்லது என்னிடம் இல்லை. முன்பக்கம்: கிரீடம், ‘ஜி.ஆர்.’, 1907, 1911 ஆகஸ்ட், வில்கின்சன். அரசர் எழுத்தும் தேதியும் ஒத்துப்போகின்றன. 1911 என்றால் பிறக்கும்போது கொக்கி இருந்திருக்க வேண்டும். இப்போது இல்லை. குறுக்குப்பட்டையின் கீழ்முனையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்தால், முனை புதிதாகச் செய்தவற்றைப்போல அழகாக உருண்டில்லை. லேசான சரிவோடு, குறுக்கே ஓடும் பழைய அரக்கோடுகளோடு இருக்கிறது. அந்தக் கோடுகளுக்குள் மற்ற இடத்தில் உள்ள அதே கருமை. அறுத்தது படையின் பட்டறை, அண்மையில் யாரோ அல்ல. பிடியின் தலையில் துளை; அதன் உட்சுவர் வெளிப்பரப்பைவிடச் சொரசொரப்பு. அது பின்னாளில் போட்டது. 1913க்கும் 1916க்கும் பிறகு இது ஒரு பட்டறையைப் பார்த்திருக்கிறது.

மறுபக்கம் ஆய்வு முத்திரைகளுக்கு நடுவே அம்புக்குறியின் கீழ் ‘ஐ’. இந்தியாவுக்கு வந்துவிட்டது. அலகை அளந்தால் 12 அங்குலம். பள்ளம் முனையைத் தொட்டு ஓடுகிறது. ஆகவே வெட்டிக் குறுக்கியது. மரக்கட்டை வால்நட் அல்ல. நிறம் செம்மை, வரி தடித்தது. இந்தியப் பட்டறையில் மாற்றியிருக்கிறார்கள். ஆக, இங்கிலாந்தில் 1911இல் பிறந்து, முதல் உலகப் போர்க் காலத் திருத்தங்களை ஏற்று, இந்தியா வந்து, இரண்டாம் போரில் குறுக்கப்பட்டு, புதுக் கட்டை பெற்ற பயனெட் இது. எந்த உறுப்பும் பிறந்தபோது இருந்ததுபோல இல்லை. ஆனாலும் இது முழுக்க அசல். ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று விற்பவர் சொல்லும் சொல்லை இந்த அர்த்தத்தில்தான் எடைபோட வேண்டும். அரசுப் பட்டறை செய்த மாற்றம் பொருளின் வரலாறு. ஏமாற்ற நினைப்பவர் செய்த மாற்றம் அதன் அழிவு.

படி 5: மரம், திருகாணி, துரு

கட்டையும் உலோகமும் சேரும் விளிம்பை விரலால் தடவுங்கள். பல ஆண்டு கைபட்ட பிடியில் இரண்டும் சேர்ந்தே தேய்ந்து ஒரே மட்டத்தில் இருக்கும். மரம் மட்டும் மேலே எழும்பியோ, உள்ளே சுருங்கியோ இருந்தால் கட்டை மாறியிருக்கிறது. திருகாணித் தலையின் வெட்டு சிதைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். நீங்கள் கழற்ற வேண்டாம். விற்பவருடைய பொருளாக இருந்தால் தொடவே வேண்டாம்.

துருவில் நாடகம் நிறைய நடக்கிறது. அமிலத்திலோ உப்புநீரிலோ ஊறவைத்து ஒரு வாரத்தில் வரவழைத்த துரு செம்மஞ்சளாக, எல்லா இடத்திலும் சமமாக, துடைத்தால் துணியில் ஒட்டும்படி இருக்கும். உண்மையான பழமை கரும்பழுப்பாக இறுகி, இடத்துக்கு இடம் மாறும். குறுக்குப்பட்டையின் மூலை, குழல்வளையத்தின் உட்புறம், குமிழைச் சுற்றி அதிகம். உள்ளங்கை படும் இடத்தில் குறைவு. உறைக்குள் போய்வந்த அலகில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடும். குறுக்கும் நெடுக்குமாக வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் அது மின்சார மெருகுச் சக்கரத்தின் வேலை.

குரோம் பூசிப் பளபளக்கும் அலகைக் கண்டால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. அணிவகுப்புக்காக அப்படிப் பூசியவை உண்டு. ஆனால் பூச்சுக்கு அடியில் முத்திரை மங்கியிருப்பதால் மதிப்பிடுவது சிரமம், விலையும் குறைவு.

படி 6: உறை

1907 மாதிரியின் உறை தோல். வாயிலும் முனையிலும் எஃகுப் பூண். தோலின் பின்பக்கம் தையல் ஓடும். வாய்ப்பூணுக்குள் இருக்கும் வில்தகடுகள் அலகைக் கவ்வ வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் தானாக நழுவக்கூடாது. உறையும் பயனெட்டும் பிறவியிலிருந்தே ஜோடி என்பது அபூர்வம். தோல் சீக்கிரம் கெடும், படையிலேயே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே தேதி வேறுபட்டால் குற்றமில்லை; ‘ஜோடி மாறாதது’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் ஆதாரம் கேளுங்கள். குட்டை அலகுக்கு நீள உறை மாட்டி விற்பார்கள், அதையும் பாருங்கள்.

மற்ற நாட்டு பயனெட்டுகளில் இதே முறை

பிரெஞ்சு சாஸ்போ ரைஃபிளின் 1866 மாதிரி: பித்தளைப் பிடி, பாம்புபோல் வளைந்த அலகு. அலகின் முதுகில் ஆலை, மாதம், ஆண்டு சாய்வெழுத்தில் பொறித்திருக்கும். மூன்றாம் நெப்போலியனின் பேரரசு 1870 செப்டம்பரில் கவிழ்ந்தது. ஆகவே ‘இம்பீரியல்’ என்ற சொல்லோடு 1872 என்று பொறித்திருந்தால் பொய். முட்சிக் ஆலை இருந்த அல்சாஸ் பகுதியே 1870-71 பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் ஜெர்மனி வசம் போனது. முட்சிக் பெயரோடு அதற்குப் பிந்தைய தேதி வர வாய்ப்பில்லை. வரலாறு தெரிந்தவருக்கு லூப்பே தேவைப்படாத இடம் இது.

முதல் உலகப் போரின் ஜெர்மன் பயனெட்டில் அலகின் முதுகில் கிரீடம், அரசர் எழுத்து, ஆண்டின் இரண்டு இலக்கங்கள். பிரஷ்யாவுக்கு ‘டபிள்யூ’. முதுகில் ரம்பப் பல் உள்ளவற்றுக்கு மவுசு அதிகம். படையே பல அலகுகளின் பல்லை மழித்துவிட்டது; இன்று போலிகள் சாதாரண அலகில் பல் வெட்டுகிறார்கள். பல்லின் உட்சுவரில் உள்ள நிறம் முதுகின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாம் போர்க்கால ஜெர்மன் பயனெட்டில் அலகு எண்ணும் உறை எண்ணும் ஒன்றாக இருப்பதற்கு விலை உண்டு. பழைய எண்ணை மழித்துப் புதிது அடித்திருந்தால் அந்த இடம் கொஞ்சம் குழிந்திருக்கும். அளவுகோலின் விளிம்பைக் குறுக்கே வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள்.

மலேசியா, சிங்கப்பூரில் உள்ள வாசகர்களுக்கு ஜப்பானிய 30ஆம் வகை கண்ணில் படக்கூடும். 1942 முதல் 1945 வரை ஆக்கிரமிப்பில் இருந்த மண் அது. அலகு சுமார் 40 செ.மீ. தொடக்ககாலத்தவை கொக்கியோடும் பள்ளத்தோடும் நேர்த்தியாக இருக்கும். போர் முடியும் தறுவாயில் செய்தவை நேரான குறுக்குப்பட்டை, பள்ளமற்ற அலகு, மர உறை என்று எளிமையாகிவிட்டன. ஆக, முரடாக இருப்பதாலேயே போலி என்று முடிவுகட்டக்கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க

படத்தில் எவ்வளவு பார்த்தாலும் அசலைக் கண்ணால் பார்த்த பழக்கத்துக்கு ஈடாகாது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் காட்சியில் இருக்கின்றன. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், லீட்ஸ் ராயல் ஆர்மரிஸ், ஆஸ்திரேலியப் போர் நினைவகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் தெளிவான படங்கள் கிடைக்கும். இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் அலகடியின் இரண்டு பக்கம், பிடியின் தலை, குறுக்குப்பட்டையின் இரு முனை, அலகின் முதுகு ஆகியவற்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

சட்டம்: பணம் கொடுப்பதற்கு முன்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின் அட்டவணையில், கூரிய ஆயுதங்களின் பட்டியலில் பயனெட்டின் பெயரும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உரிமம் தேவையா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துச்செல்லாதீர்கள். நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். அப்படி வந்தால் தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்கத்தில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் விதிகள் வேறு. அங்குள்ளவர்கள் தங்கள் காவல்துறையிடம் விசாரித்த பிறகே பேரம் பேச வேண்டும்.

வாங்கிய பின்

மெருகு ஏற்றாதீர்கள். உப்புத்தாள், கம்பித் தூரிகை, துரு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம். நூறு ஆண்டில் படிந்த கருமையை ஒரு மணி நேரத்தில் இழந்துவிட்டால் திரும்ப வராது. உதிரும் துருவை எண்ணெய் நனைத்த மெல்லிய துணியால் எடுத்துவிட்டு, மெல்லிய தையல் இயந்திர எண்ணெய் அல்லது நுண்படிக மெழுகு பூசுங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேலையைக் காட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பாருங்கள். அலகைத் தோல் உறைக்குள்ளேயே வைத்து மறந்துவிடாதீர்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் அலகைத் தின்னும். அலகு தனி, உறை தனி. இரண்டுக்கும் ஒரே எண் எழுதிய அட்டை.

அந்த அட்டையில் அளவுகள், எல்லா முத்திரைகளும் இருக்கும் இடத்தோடு, வாங்கிய தேதி, விலை, ரசீது எண் ஆகியவற்றை எழுதுங்கள். விற்றவர் சொன்ன கதையையும் எழுதி வையுங்கள், ஆனால் தனிப் பத்தியில், ‘விற்றவர் சொன்னது’ என்ற தலைப்பின் கீழ்.